சாயம் பட்ட கூந்தலும் ஷாம்புவும்



இந்தப் பக்கத்தில் நாம் வழமையாகக் காணி உறுதி, கடன், பிள்ளைகளின் படிப்பு, மனச்சோர்வு என்பன பற்றியே பேசி வருகின்றோம். இம்முறை தலைமயிரைப் பற்றிப் பேசப்போகின்றோம். "சீவியத்தைக் கொண்டு நடத்துவதே பெரும்பாடாக இருக்கும்போது இது ஒரு கதையா?" என்று உங்களில் சிலர் கேட்கலாம். ஆனால் இது சிலரின் சீவியத்தோடு சம்பந்தப்பட்ட கதையே.

2009ஆம் ஆண்டில் யுத்தம் முடிவடைந்த பின்னர் வடக்கு, கிழக்கில் பெண்களுக்கு வழங்கப்பட்ட வாழ்வாதாரப் பயிற்சிகளில் தையல், உணவு பதனிடல் என்பவற்றோடு அழகுக்கலையும் ஒன்றாக இருந்தது. குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்களில் ஒரு பகுதியினர் வீட்டின் முன்னறையில் ஒரு கண்ணாடியையும் ஒரு கதிரையையும் வைத்து அந்தத் தொழிலைத் தொடங்கினார்கள். இன்று அவர்களைச் சந்திக்கும்போது அடிக்கடி கேட்கும் முறைப்பாடு ஒன்று உண்டு. "டை அடிச்சுக்கொண்டு போன அக்கா ரெண்டு கிழமையிலை திரும்பி வந்து, என்ரை தலைமயிர் தும்பு மாதிரிப் போச்சுது, எந்த ஷாம்பு போட்டாலும் சரிவருதில்லை எண்டு சண்டை பிடிக்கிறா. நான் என்ன சொல்லுறது?"

ஒரு சிறிய ஊரில் ஒரு வாடிக்கையாளரின் மனக்குறை பத்து வாடிக்கையாளர்களை நிறுத்திவிடும். மறுபக்கத்தில், அந்த அக்காவும் தனது நாட்கூலியில் மிச்சம் பிடித்து ஒவ்வொரு ஷாம்புவாக வாங்கிப் பார்த்துக் காசைக் கரைக்கிறார். 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது சவர்க்காரமும் ஷாம்புவும் விலை ஏறிய விதத்தை நாம் எவரும் மறந்திருக்க மாட்டோம். ஆகவே இருவருக்கும் நட்டம் வராமல் இருக்க, சாயமும் பிளீச்சும் கூந்தலுக்கு என்ன செய்கின்றன, அதன் பின்னர் ஷாம்பு ஏன் முன்போல வேலை செய்வதில்லை என்பதை விளங்கிக்கொள்வது நல்லது.

ஓர் இழை மயிருக்குள்

தோலுக்கு வெளியே தெரியும் மயிர் உயிருள்ள பொருள் அல்ல. வேர் மட்டுமே உயிரோடு இருக்கிறது. அது மாதமொன்றுக்கு ஏறக்குறைய 1 சென்ரிமீற்றர் நீளத்துக்கு மயிரை வளர்த்து வெளியே தள்ளுகிறது. அப்படியானால் 15 அங்குல நீளமான பின்னலின் நுனி மூன்று வருடங்களுக்கு மேற்பட்ட பழையது. அதற்கு ஒரு காயம் ஏற்பட்டால் தோலில் ஏற்படும் காயத்தைப் போலத் தானாக ஆறாது. இதை முதலில் மனதில் பதித்துக்கொள்வோம்.

மயிரின் வெளிப்புறம் ஓடு வேய்ந்த கூரையைப் போன்றது. மிக மெல்லிய செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, வேரிலிருந்து நுனியை நோக்கிப் பல அடுக்குகளாகப் படிந்திருக்கின்றன. இந்தச் செதில்களின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு கொழுப்புப் படை ஒட்டியிருக்கிறது. அது நாம் பூசும் எண்ணெய் அல்ல. மயிரோடு பிணைந்தே பிறந்தது. தண்ணீர் பட்டால் வழிந்தோடச் செய்வதும், ஓர் இழை மற்ற இழையோடு சிக்காமல் வழுக்கி நகரச் செய்வதும் அந்தப் படைதான்.

செதில்களுக்கு உள்ளே மயிரின் பெரும்பகுதி இருக்கிறது. அது கெரற்றின் என்னும் புரதத்தாலான நார்களின் தொகுதி. அந்த நார்களைக் கந்தகப் பிணைப்புகள் ஏணிப்படிகளைப் போல இறுக்கிக் கட்டி வைத்திருக்கின்றன. மயிரின் பலம் பெருமளவில் அந்தப் பிணைப்புகளில்தான் தங்கியுள்ளது. கறுப்பு நிறத்தைக் கொடுக்கும் மெலனின் மணிகளும் இந்த உட்பகுதியில்தான் இருக்கின்றன. மெலனின் இல்லாது வளரும் மயிர்தான் நரை.

பிளீச்சும் டையும் செய்யும் வேலை

நிறம் உள்ளே இருப்பதால், நிறத்தை மாற்ற விரும்பினால் கூரையைத் திறந்துகொண்டு உள்ளே போக வேண்டும். பிளீச்சுக்கும் நிரந்தரச் சாயத்துக்கும் அதுவே முதல் வேலை.

பிளீச் செய்யும்போது ஐதரசன் பேரொட்சைட்டுத் திரவத்தோடு ஒரு வெள்ளைத் தூளைக் கலக்கின்றோம். அந்தக் கலவை கடுமையான காரத்தன்மை உடையது. காரம் மயிரை ஊதச்செய்து செதில்களை உயர்த்துகிறது. உள்ளே போகும் பேரொட்சைட்டு மெலனினைச் சிதைக்கிறது. அதனால்தான் எமது கறுப்பு மயிர் முதலில் செம்பழுப்பாகி, பின்னர் செம்மஞ்சளாகி, கடைசியில் மஞ்சளாகிறது. போத்தலில் 10 வொலியூம் என்றிருந்தால் அது 3 வீதப் பேரொட்சைட்டு. 20 என்றால் 6 வீதம். 30 என்றால் 9 வீதம். 40 என்றால் 12 வீதம். இலக்கம் கூடக் கூட வேகமும் கூடும், சேதமும் கூடும்.

பேரொட்சைட்டு மெலனினை மட்டும் தேடிப் பிடித்து அழிப்பதில்லை. வழியில் அகப்படும் கொழுப்புப் படையையும் அது நீக்கிவிடுகிறது. கந்தகப் பிணைப்புகளையும் உடைக்கிறது. சாதாரண பிளீச் ஒன்றில் இப்பிணைப்புகளில் 15 முதல் 25 வீதம் வரை உடைவதாகவும், கடுமையான பிளீச்சில் 45 வீதம் வரை உடையக்கூடும் எனவும் கூந்தல் பற்றிய விஞ்ஞான நூல்கள் கூறுகின்றன. உடைந்த இடங்களில் அமிலத்தன்மையுள்ள புதிய பகுதிகள் உருவாகின்றன. அவை மயிரின் மேற்பரப்புக்கு எதிர்மறை மின்னேற்றத்தைக் கொடுக்கின்றன. இந்த மின்னேற்றத்தைப் பற்றிப் பின்னர் மீண்டும் பேசுவோம்.

நிரந்தர டையும் இதே வழியில்தான் போகிறது. ஆனால் பெரும்பாலும் மென்மையான அளவில். மிகச் சிறிய, நிறமற்ற மூலக்கூறுகள் செதில்களுக்கு இடையால் உள்ளே நுழைந்து, அங்கே பேரொட்சைட்டோடு சேர்ந்து பெரிய நிற மூலக்கூறுகளாக மாறுகின்றன. பெரிதானபின் இலகுவில் வெளியே வர முடியாது. பிரான்சில் 1907ஆம் ஆண்டில் ஓய்சீன் சூலர் என்ற இரசாயனவியலாளர் தயாரித்து விற்கத் தொடங்கிய செயற்கைத் தலைச்சாயத்திலிருந்து இத்தொழில் பெரிதாக வளர்ந்தது. "அமோனியா இல்லை" என்று எழுதப்பட்ட டைகளிலும் பெரும்பாலும் அமோனியாவுக்குப் பதிலாக வேறொரு காரப்பொருள் இருக்கிறது. மணம் குறைவு என்பதற்காகச் சேதமே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது.

கறுப்பு மயிரை மஞ்சள், சிவப்பு போன்ற பளிச்சென்ற நிறங்களுக்கு மாற்றும்போது முதலில் பிளீச், அதன்மேல் சாயம் என்று இரண்டு தடவை அடி விழுகிறது. நரையை மறைக்கக் கறுப்பு டை மட்டும் அடிப்பவருக்கு ஒரு தடவையில் அவ்வளவு சேதம் இல்லை. ஆனால் மாதாமாதம் வேரிலிருந்து நுனி வரை முழுத் தலைக்கும் அடித்தால், நுனிக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை அடித்ததாக வந்து முடியும்.

ஷாம்புவுக்கு என்ன நடந்தது?

ஷாம்பு என்ற சொல் ஆங்கிலேயருக்கு ஹிந்தியிலிருந்து போனது. 'சாம்போ' என்றால் 'அழுத்திப் பிசை' என்று பொருள். தலையைப் பிடித்துவிடுவதற்கு வழங்கிய சொல் பிற்காலத்தில் தலை கழுவும் திரவத்துக்குப் பெயராகிவிட்டது.

இன்றைய ஷாம்புகள் பலவற்றில் சோடியம் லோறில் சல்பேற்று, சோடியம் லோறெத் சல்பேற்று போன்ற அழுக்கு நீக்கிகள் இருக்கின்றன. அவற்றின் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் இரண்டு முனைகள். ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும். மறு முனை தண்ணீரைப் பிடிக்கும். தலையில் உள்ள எண்ணெயையும் அதில் ஒட்டிய தூசியையும் பிடித்து, தண்ணீரோடு இழுத்துக்கொண்டு போவதே இதன் வேலை. சாயம் படாத கூந்தலில் மேலே உள்ள எண்ணெய் போனாலும், மயிரோடு பிணைந்த அந்தக் கொழுப்புப் படை அப்படியே இருக்கும். ஆகவே முழுகி உலர்த்தியதும் கூந்தல் வழுவழுப்பாக விழும்.

பிளீச் செய்த கூந்தலில் அந்தப் பாதுகாப்புப் படை ஏற்கெனவே போய்விட்டது. எஞ்சியிருப்பது தலைத்தோலிலிருந்து ஊறி வரும் கொஞ்ச எண்ணெய் மாத்திரமே. அதையும் ஷாம்பு எடுத்துச் சென்றால் மிஞ்சுவது வெறும் சொரசொரப்பான செதில்கள். இதனால் என்னென்ன நடக்கின்றன என்று பார்ப்போம்.

முதலாவது, தண்ணீர் விரைவாக உள்ளே போகிறது. மயிர் அதிகமாக ஊதுகிறது. காய்வதற்கு முன்னரைவிடக் கூடிய நேரம் எடுக்கிறது. ஈரத்தோடு இருக்கும்போது இழைகள் ஒன்றோடொன்று உரசிச் சிக்குப்படுகின்றன. அந்த நேரத்தில் இழுத்துச் சீவினால் அறுந்துவிடுகின்றன.

இரண்டாவது, நுரை. எண்ணெய் இருக்கும் தலையில் நுரை குறைவாகவே வரும். எண்ணெய் இல்லாத, வறண்ட தலையில் கொஞ்ச ஷாம்புவே நிறைய நுரைக்கும். "நல்லாய் நுரைக்குது, நல்ல ஷாம்பு" என்று நினைத்து இன்னும் தேய்க்கின்றோம். உண்மையில் "கழுவ ஒன்றுமில்லை, நிறுத்து" என்று தலை சொல்வதே அந்த நுரை.

மூன்றாவது, வேரும் நுனியும் இரண்டு விதமாகிவிடுகின்றன. புதிதாக வளர்ந்த வேர்ப்பகுதி முன்போல எண்ணெய்ப்பிடிப்பாக இருக்கும். சாயம் பட்ட நுனிப்பகுதி வைக்கோலைப் போல இருக்கும். வேருக்கு ஏற்ற ஷாம்பு நுனிக்குக் கடுமையாகிறது. நுனிக்கு ஏற்றது வேருக்குப் போதாமல் போகிறது. "எந்த ஷாம்புவும் சரிவருதில்லை" என்ற முறைப்பாட்டின் காரணங்களில் ஒன்று இது. ஒரே தலையில் இரண்டு வகை மயிர் இருக்கும்போது ஒரே போத்தல் எப்படி இரண்டுக்கும் பொருந்தும்?

நான்காவது, நிறம் போகிறது. செதில்கள் உயர்ந்து நிற்பதால் உள்ளே உள்ள நிற மூலக்கூறுகள் ஒவ்வொரு முழுக்கிலும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுகின்றன. சிவப்பு வகை நிறங்கள் மிக விரைவாக மங்கும். ஷாம்புவை மட்டும் குறை சொல்ல முடியாது. வெறும் தண்ணீரில் அடிக்கடி நனைவதும் வெயிலும் நிறத்தை வெளிறச் செய்யும்.

ஐந்தாவது, "ஷாம்புவும் கொண்டிஷனரும் ஒன்றாக" என்று விற்கப்படும் வகை முன்போல் பலன் தருவதில்லை. அவற்றில் வழுவழுப்பைக் கொடுப்பது பெரும்பாலும் சிலிக்கோன் என்னும் எண்ணெய் போன்ற பொருள். கொழுப்புப் படை உள்ள நல்ல மயிரில் அது நன்றாகப் படியும். தண்ணீரை விரும்பும் தன்மைக்கு மாறிவிட்ட பிளீச் மயிரில் அது அவ்வளவாகப் படியாது. ஆனால் தனியாக விற்கப்படும் கொண்டிஷனரில் நேர்மறை மின்னேற்றம் கொண்ட பொருட்கள் உண்டு. முன்னர் சொன்ன எதிர்மறை மின்னேற்றம் இங்கேதான் உதவிக்கு வருகிறது. சேதம் கூடிய இடத்தில் அவை கூடுதலாக ஒட்டிக்கொள்கின்றன. ஆகவே சாயம் பட்ட கூந்தலுக்கு விலை கூடிய ஷாம்புவைவிட, விலை குறைந்த ஷாம்புவோடு ஒரு சாதாரண கொண்டிஷனர் கூடிய பயன் தரும்.

எமது கிணற்றுத் தண்ணீர்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். எமது கிணற்று நீரில் கல்சியம் கூடுதலாக இருப்பதற்கு அதுவே காரணம். கேத்தில் அடியில் வெள்ளையாகப் படிவதை எல்லோரும் கண்டிருப்போம். வன்னியிலும் பல இடங்களில் கிணற்று நீர் இவ்வாறு கடினமானது.

இந்த நீரில் சவர்க்காரம் போட்டால் நுரை வராமல் வெண்மையான ஒரு படிவு வரும். சவர்க்காரமும் கல்சியமும் சேர்ந்து உண்டாகும் அந்தப் படிவு தண்ணீரில் கரையாது, மயிரில் ஒட்டிக்கொள்ளும். சவர்க்காரம் காரத்தன்மை உடையது என்பதால் செதில்களையும் உயர்த்திவிடும். முகாம்களில் ஒரு கட்டிச் சவர்க்காரத்தில் உடுப்பும் தோய்த்துத் தலையும் முழுகிய காலம் எமக்கு இருந்தது. அப்போது வேறு வழியில்லை. ஆனால் இன்று சாயம் பட்ட தலைக்குச் சவர்க்காரம் போடுவதைத் தவிர்க்க வேண்டும். 1930களில் செயற்கை அழுக்கு நீக்கிகளால் ஆன ஷாம்புகள் சந்தைக்கு வந்தபோது அவை வரவேற்கப்பட்டதற்கு ஒரு முக்கிய காரணம், கடின நீரிலும் அவை இந்தப் படிவை உண்டாக்காததே.

ஆனாலும் ஷாம்பு பாவித்தாலும் தண்ணீரில் உள்ள கல்சியம் சும்மா இருப்பதில்லை. எதிர்மறை மின்னேற்றம் கூடிய பிளீச் மயிர், நேர்மறை மின்னேற்றம் கொண்ட கல்சியத்தையும் செம்பையும் நல்ல மயிரைவிட அதிகமாகப் பிடித்து வைத்துக்கொள்கிறது. மயிர் விறைத்து மங்கிப்போகிறது. கொழும்பில் டை அடித்தவருக்கு வராத முரட்டுத்தன்மை, அதே டையை இங்கே அடித்தவருக்கு வருவதற்குத் தண்ணீரும் ஒரு காரணமாகலாம். மழைநீர் சேகரிக்க வசதியுள்ளவர்கள் கடைசி அலசலுக்காவது அந்த நீரைப் பாவியுங்கள்.

முழுகும் முறை

செலவில்லாமல் செய்யக்கூடிய சில மாற்றங்களை இங்கே தருகின்றோம்.

1. முழுகுவதற்கு முதல் நாள் இரவிலோ, குறைந்தது ஒரு மணித்தியாலத்துக்கு முன்னரோ சாயம் பட்ட நீளப்பகுதிக்கு ஒரு தேக்கரண்டி, இரண்டு தேக்கரண்டி தேங்காயெண்ணெய் பூசுங்கள். 2003ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில் தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிய எண்ணெய் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பிளீச் செய்த மயிரிலும் புரத இழப்பைக் குறைத்தது தேங்காயெண்ணெய் மாத்திரமே. அது மயிரின் உள்ளே ஊறக்கூடியது. எமது அம்மம்மாமார் செய்த வேலை வீணல்ல. ஆனால் வழிய வழியப் பூசினால் அதைப் போக்க நிறைய ஷாம்பு வேண்டிவரும்; அளவோடு பூசுங்கள்.

2. ஷாம்புவை நேரே தலையில் ஊற்றாமல், தேவையான அளவை ஒரு பேணித் தண்ணீரில் கலக்குங்கள். கலந்ததை அன்றைக்கே முடித்துவிடுங்கள். வைத்துப் பாவித்தால் பழுதாகும். அதைத் தலைத்தோலில் மட்டும் விட்டு விரல் நுனிகளால் மெல்ல அழுத்துங்கள். வழிந்து போகும் நுரையே நீளப்பகுதிக்குப் போதும். உடுப்புக் கசக்குவது போலக் கூந்தலைக் கூட்டிக் கசக்கக் கூடாது.

3. ஒரு தடவை போட்டால் போதும். இரண்டாம் தடவை தேவையில்லை. கிழமைக்கு ஒரு தடவை, இரண்டு தடவைக்கு மேல் ஷாம்பு போடவும் வேண்டாம். வியர்வை என்றால் மற்ற நாட்களில் தலைத்தோலை மாத்திரம் தண்ணீரால் கழுவலாம்.

4. கொண்டிஷனரைத் தலைத்தோலில் பூசாமல் நீளத்திலும் நுனியிலும் பூசி, இரண்டு மூன்று நிமிடம் விட்டு, பல் அகன்ற சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிறிது சிறிதாகச் சிக்கெடுத்தபின் அலசுங்கள்.

5. கொண்டிஷனர் வாங்க வசதி இல்லாதவர்கள் ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வினாகிரியையோ வடித்த தேசிக்காய்ப் புளியையோ கலந்து கடைசியாக ஊற்றலாம். மென்மையான அமிலம் செதில்களைப் படியச் செய்யும். கல்சியப் படிவையும் ஓரளவு கரைக்கும். பின்னர் வெறும் தண்ணீரால் ஒரு தடவை அலசுங்கள். கண்ணில் படக்கூடாது. தேசிப்புளி தோலில் இருக்கும்போது வெயிலில் போனால் தோல் புண்ணாகிக் கறுக்கும்.

6. சீயாக்காய், அரப்பு பாவிப்பவர்கள் தூளை அப்படியே தேய்க்காமல் ஊறவைத்து வடித்த நீரைப் பாவியுங்கள். தூளின் சொரசொரப்பு, உயர்ந்து நிற்கும் செதில்களை மேலும் உடைக்கும். செவ்வரத்தம் இலையைக் கசக்கி வடித்த வழுவழுப்பான சாறு சிக்கெடுக்க நல்லது.

7. துவாயால் அடித்துத் துவட்டாமல், பழைய பருத்திச் சேலைத் துண்டால் ஒற்றி எடுங்கள். ஈரத்தோடு இறுக்கிக் கொண்டை போட வேண்டாம். வெயிலில் வேலை செய்பவர்கள் தலையை ஒரு துணியால் மூடிக்கொள்ளுங்கள்.

"சேதத்தைச் சீராக்கும்" என்று விளம்பரம் செய்யும் ஷாம்புகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கழுவி ஊற்றப்படும் ஷாம்பு, போன செதில்களைத் திரும்ப முளைக்கச் செய்யாது. அது கொடுப்பது ஒரு தற்காலிகப் பூச்சு. அதுவும் உதவிதான், ஆனால் அதற்காகப் பிள்ளையின் கொப்பிக் காசைச் செலவழிக்க வேண்டியதில்லை. மிகவும் பிளந்துபோன நுனியை வெட்டிவிடுவதே நல்ல வைத்தியம்.

தொழில் செய்யும் சகோதரிகளுக்கு

வாடிக்கையாளர் கதிரையில் இருந்தவுடன் தூரிகையை எடுக்காதீர்கள். முதலில் நான்கு கேள்விகள் கேளுங்கள். கடைசியாக எப்போது, என்ன அடித்தீர்கள்? மருதோன்றி அல்லது கடையில் வாங்கிய கறுப்புத் தூள் போட்டீர்களா? எந்தத் தண்ணீரில் முழுகுகிறீர்கள்? டையோ கறுப்பு மெஹந்தியோ பட்டு எப்போதாவது கடித்துத் தடித்ததா? பதில்களை ஒரு கொப்பியில் திகதியோடு எழுதிவையுங்கள். சில தூள்களில் உலோக உப்புகள் கலந்திருக்கும். அவற்றின் மேல் பேரொட்சைட்டு பட்டால் மயிர் சூடாகிப் பொரிந்துபோகவும் கூடும். பிடரிப்பக்கத்தில் சில இழைகளை எடுத்து முதலில் சோதித்துப் பாருங்கள்.

கறுப்பு டைகளில் பெரும்பாலும் பீ.பீ.டி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் பரா-பீனைலீன்டையமீன் இருக்கிறது. சிலருக்கு இது கடுமையான ஒவ்வாமையைக் கொடுக்கும். டை அடிப்பதற்கு 48 மணித்தியாலங்களுக்கு முன்னர் காதின் பின்புறத்திலோ முழங்கை மடிப்பிலோ சிறு பொட்டளவு பூசிப் பாருங்கள். கடித்தால், சிவந்தால், தடித்தால் அந்த வாடிக்கையாளருக்கு அந்த டை வேண்டாம். "முதல் தடவை ஒன்றும் செய்யவில்லை" என்பது உத்தரவாதம் ஆகாது. பல தடவை பாவித்த பின்னரும் ஒவ்வாமை தொடங்கலாம்.

உங்கள் உடம்பையும் பாருங்கள். பிளீச் தூளைச் சுவாசிப்பது இழுப்பு நோயைக் கொண்டுவரக்கூடும். யன்னலைத் திறந்து வைத்துக் கலக்குங்கள். கையுறை இல்லாமல் வேலை செய்யாதீர்கள். டைப் பக்கற்றுகளைப் பிள்ளைகளுக்கு எட்டாத, பூட்டுள்ள இடத்தில் வையுங்கள். வயிற்றுக்குள் போனால் அது தொண்டையை வீங்கச் செய்து சிறுநீரகத்தையும் பாதிக்கும் கொடிய நஞ்சு. யாராவது விழுங்கிவிட்டால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் அந்தக் கணமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

இரண்டாம் தடவை வருபவருக்கு புதிதாக வளர்ந்த வேர்ப்பகுதிக்கு மட்டும் டை பூசுங்கள். டையும் மிச்சம், மயிரும் தப்பும். வேலை முடிந்ததும் மேலே சொன்ன முழுகும் முறையை வாய்மொழியாகச் சொல்லுங்கள். முடிந்தால் ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள். "இனி உங்கடை தலைமயிர் முந்தி மாதிரி இல்லை அக்கா, இப்பிடித்தான் பாக்கவேணும்" என்று முன்கூட்டியே சொன்னால் அது ஆலோசனை. சண்டை வந்த பின்னர் சொன்னால் அது சாட்டு.

ஆருக்கு வடிவு காட்ட?

கடைசியாக, எமது சமூகத்தைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். கணவனை இழந்த பெண் நரைக்கு டை அடித்தால் "ஆருக்கு வடிவு காட்ட?" என்று கேட்கும் ஊர், அதே வயது ஆண் டை அடித்தால் எதுவும் கேட்பதில்லை. கட்டையாக மயிர் வெட்டியிருந்ததற்காகவே யுத்தத்தின் பின்னர் சந்தேகக் கண்ணோடு பார்க்கப்பட்ட பெண்களும் எம்மிடையே இருக்கிறார்கள். ஒரு பெண்ணின் கூந்தலை வைத்து அவளின் கதையை ஊர் எழுதிவிடுகிறது.

கவலையால் நரைத்தது என்று நாம் சொல்வதில் உண்மை இருக்கக்கூடும். மன அழுத்தம் நிறத்தை உண்டாக்கும் மூலக்கலங்களை அழித்து மயிரை நரைக்கச் செய்வதை 2020ஆம் ஆண்டில் ஹாவார்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலிகளில் கண்டறிந்தார்கள். நாற்பது வயதுக்கு முன்னரே வெளுத்த தலையோடு வேலை தேடிப் போகும் ஒருத்தி "வயது போனவர்" என்று திருப்பி அனுப்பப்படும்போது, டை அவளுக்கு வடிவு மாத்திரமல்ல. அது வேலைக்கான ஒரு கதவு. இன்னொருத்தி நரையை அப்படியே விட்டுவிட விரும்பினால் அதுவும் அவளுடைய தீர்மானம். அடிப்பதா, விடுவதா என்பதை அந்தத் தலைக்கு உரியவளே முடிவு செய்யட்டும்.

அடிப்பதென்று முடிவு செய்தால், அடுத்த தடவை முழுகும்போது ஷாம்புவின் அளவைப் பாதியாகக் குறைத்துத் தலைத்தோலுக்கு மட்டும் போட்டுப் பாருங்கள். முதல் இரண்டு முழுக்கில் திருப்தி இல்லாதது போல இருக்கலாம். ஒரு மாதம் விடாமல் செய்யுங்கள். அயலில் அழகு நிலையம் நடத்தும் ஒரு சகோதரி இருந்தால் இந்தப் பக்கத்தை அவரிடமும் கொடுங்கள். மீண்டும் அடுத்த இதழில் சந்திப்போம்.